பனை இல்லாத ஒரு கவர் போடுங்கோ, தம்பிமார்

யாழ்ப்பாணத்தில் ஒரு நாட்டார் பாடல் குழு அல்பம் விடுகிறது என்றால் கவரில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். செக்கச்செவேல் என்று மாலை வானம். கறுப்பாய் நாலைந்து பனை. ஒரு மாட்டுவண்டில். நடுவில் நெருப்புப் பிடித்த மாதிரி எழுத்து. மிச்ச இடத்தில் பெடியள் எல்லாரும் பட்டு வேட்டியோடு கைகட்டி நிற்பார்கள். கீழே அனுசரணையாளர்களின் லோகோ வரிசை.

நான் அச்சகத்தில் டிசைன் செய்கிறவன். கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு (செத்தவரின் நினைவாக 31ஆம் நாளில் கொடுக்கிற புத்தகம்) எல்லாம் என் கையால்தான் போகிறது. அண்மையில் ஒரு குழுப் பெடியள் தாங்களே போனில் செய்த கவரைக் கொண்டுவந்து, "அண்ணை, இதைக் கொஞ்சம் கிளியராக்கித் தாங்கோ" என்றார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். மேகம், ஒளிவட்டம், நடுவில் முகங்கள். ஒரு குத்துவிளக்கை மட்டும் வைத்தால் 31ஆம் நாள் கல்வெட்டு ரெடி. அதைவிடப் பகிடி, அந்தப் பனைகள் பனையே இல்லை. மரம் வளைந்து ஓலை தொங்குகிறது, அசல் தென்னை. கூகிளில் எடுத்ததாம். வீட்டு வேலிக்கு அங்கால் பனங்காணி உள்ள பெடியள்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எனக்கு இதில் கோபமும் உண்டு. அந்திவானத்தில் கறுப்பாய் நிற்கிற பனை தூரத்தில் நின்று பார்க்கிறவருடைய பனை. கிட்டப் போனால் அதில் ஏறுகிற மனிசர் தெரிவார். காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி, மேலே கட்டின முட்டி. நாட்டார் பாட்டு என்று நாங்கள் மேடையில் பாடுவதெல்லாம் அந்த மாதிரி ஆட்களுடையது. வயலில் நாற்று நட்டவள் பாடியது, செத்த வீட்டில் ஒப்பாரி வைத்தவள் பாடியது. கவரில் மரம் நிற்கிறது, அவர்களைக் காணவில்லை.

கவர் வெறும் உறைதானே என்பவர்களுக்கு ஒரு கதை. 1952இல் அமெரிக்காவில் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய இசைத்தட்டுகளில் இருந்து 84 பாட்டுகளைப் பொறுக்கி ஒரு நாட்டார் இசைத் தொகுப்பு வெளியிட்டார். ஃபோக்வேஸ் கம்பனி வெளியீடு. கவரில் அவர் குடிசையும் போடவில்லை, வயலும் போடவில்லை. வானத்தில் இருந்து ஒரு கை நீண்டு, ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்றுக்குச் சுருதி கூட்டுகிற பழைய செதுக்கோவியம். ஏழைகள் பாடிய பாட்டுக்கு அண்டத்தின் சுருதி! பிறகு 1960களில், நாட்டார் இசை அங்கே அரசியலோடு சேர்ந்த காலத்தில், அதே கம்பனி அந்தப் படத்தை எடுத்துவிட்டு பென் ஷான் எடுத்த ஓர் ஏழை விவசாயியின் புகைப்படத்தைப் போட்டது. பாட்டில் ஒரு சத்தம்கூட மாறவில்லை. ஆனால் முதல் கவரோடு கேட்டவர் ஏதோ மாய மந்திரத்தைக் கேட்டிருப்பார், அடுத்த கவரோடு கேட்டவர் வறுமையைக் கேட்டிருப்பார். 1997இல் சிடியாக வந்தபோது பழைய படமே திரும்பி வந்தது. எனக்கும் அதுதான் பிடிக்கும். வறுமையைப் படம் பிடித்துப் பாட்டுக்கு மேல் ஒட்டினால், பாடியவருடைய கெட்டித்தனம் பின்னுக்குப் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஃபெயார்போர்ட் கன்வென்ஷன் என்ற குழு 1969இல் விட்ட 'அன்ஹாஃப்பிரிக்கிங்' அல்பத்தின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, அல்பத்தின் பெயரும் இல்லை. பாடகி சாண்டி டெனியின் அம்மாவும் அப்பாவும் லண்டன் விம்பிள்டனில் உள்ள தங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். குழு எங்கே என்று தேடினால், பின்னால் வேலி இடுக்குக்குள்ளால் தெரிகிறது. அமெரிக்கக் கம்பனிக்கு இது பிடிபடவில்லை போல. அங்கே யானைப் படம் போட்டு வித்தார்கள். எங்கடை குழு ஒன்று தன் அம்மா அப்பாவைப் படலையடியில் நிற்க வைத்து ஒரு கவர் போட்டால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். அனுசரணையாளர்கள் சம்மதிக்க மாட்டார்கள்!

உடுப்பும் இதே கதைதான். சென்னையில் 2018இல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவும் பறையுமாய் வந்தது. கைலி கட்டி வருவார்கள் என்று எதிர்பார்த்த சனத்துக்கு முன்னால் சாம்பல் நிறக் கோட் சூட்டோடு நின்றார்கள். அம்பேத்கரின் கோட் நினைவுக்கு வராமல் இருக்குமா? எங்கள் பட்டு வேட்டி யாரை நினைவுபடுத்துகிறது? எனக்குக் கல்யாண மாப்பிள்ளையின் தோழன்தான் ஞாபகம் வருகிறான்.

இப்போது பறை விஷயம். அந்தப் பெடியளின் கவரில் பறை பெரிதாக இருந்தது, லோகோ மாதிரி. இந்த மண்ணில் பறை அடித்தவர்களை எப்படி நடத்தினோம் என்று பெரியாக்களைக் கேட்டால் தெரியும். அது அடிமைத் தொழில் என்று பறையை விட்டெறிந்தவர்களும் இங்கே உண்டு. அதையெல்லாம் தெரியாமல் பறையை மட்டும் வெட்டி ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. "ரெக்கோடிங்கில் பறை அடித்தது ஆர்?" என்று கேட்டேன். ஒருவனை ஒருவன் பார்த்தார்கள். போனில் 'பறை அண்ணை' என்றுதான் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். கீபோர்ட் வாசித்தவரின் முழுப்பெயரும் பட்டமும் கவரில் இருந்தது. ஸ்மித் தன் தொகுப்பில் பாடகர்கள் கறுப்பரா வெள்ளையரா என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விட்டார். ஆனால் ஒவ்வொருவரின் பெயரையும் தட்டின் இலக்கத்தையும் எழுதினார்.

எழுத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. 3000க்கு 3000 பிக்சலில் அனுப்பினாலும் சனம் போனில் பெருவிரல் நகமளவில்தான் பார்க்கும். பாமினி எழுத்துருவில் அடித்து, அதற்கு நிழலும் தங்க விளிம்பும் கொடுத்தால் அந்த அளவில் ஒன்றும் வாசிக்க ஏலாது. நல்ல கையெழுத்துள்ள ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கோ. மருதனார்மடத்தில், யாழ். பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் சந்தோசமாகச் செய்து தருவார்கள். காசு கொடுங்கோ, சும்மா கேட்காதேங்கோ.

பெடியளில் மூத்தவன் விடவில்லை. "அண்ணை, எங்கடை பாட்டைக் கேக்கிற ஆக்கள் கூட இருக்கிறது கனடாவிலயும் லண்டனிலயும். பனையைக் கண்டாத்தான் அமத்துவினம்." நியாயமான பேச்சு, மறுக்க முடியாது. ஊரை விட்டுப் போனவருக்குப் பனை வேறு மாதிரித்தான் தெரியும். "சரி, அப்ப பனை இருக்கட்டும். ஆனால் உண்மையான பனை, அதில ஏறுகிற ஆளோடு" என்றேன். வேட்டி விஷயத்தில் இன்னும் இழுபறி. படம் எடுக்க அவர்கள் வருகிற ஞாயிறு போகிறார்கள், பறை அடித்தவரின் வீட்டுக்கும் சேர்த்து. அவருடைய பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக்கொண்டு வரும்வரை கவரை அச்சுக்கு விட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.