வளைவுக்குக் கொடுத்தோம், வாத்தியாருக்குக் கொடுக்கவில்லை

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு முன்னால் ஒரு சிமெண்ட் வளைவு இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன்னால் முன்னாள் மாணவர்கள் நாங்கள் சேர்ந்து கட்டியது. பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறவர்கள், திருப்பூரில் தையல் மெஷின் ஓட்டுகிறவர்கள், ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் போகிறவர்கள் எல்லாரும் கொடுத்த பணம். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் பெயர்கூடக் கல்வெட்டில் உண்டு. திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டு வந்தது. எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வருடக் கலந்தாய்வில் எங்கள் கணக்கு டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு போனார்.

அவருக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். எங்களுடையது தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ஊர். நான்கு வருடங்கள் தருமபுரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, தினமும் இரண்டு பஸ் மாறி வந்து போனார். காலையில் ஒரு பஸ் தவறினால் முதல் பீரியட் போச்சு. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் கடைசி பஸ் போச்சு. போகும்போது என்னிடம் சொன்னார்: "பிள்ளைங்கள விட்டுட்டுப் போக மனசே இல்லண்ணா. ஆனா நாலு வருஷமா இந்த ஊர்ல எனக்கு ஒரு ரூம் கிடைக்கலையே."

ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பன்னிரண்டு என்று அதற்குப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். எல்லாம் பெங்களூரு போன குடும்பங்களின் வீடுகள். நாங்கள் யாரும் ஒரு தடவைகூட அவரிடம் "டீச்சர், எங்கே தங்கியிருக்கீங்க?" என்று கேட்டதில்லை. அவர் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் வரப் பத்து மாதம் ஆனது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வருடம் கணக்குக்கு டியூஷனும் இல்லாமல், டீச்சரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் அக்கா மகளும் அதில் ஒருத்தி. வளைவு மட்டும் பளபளவென்று நின்றது.

அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு என்று நாம் பணம் திரட்டும்போது, அந்தப் பணத்தில் பெரும்பங்கு ஆசிரியருக்காகச் செலவாக வேண்டும். அவர் இங்கேயே தங்குவதற்கு. அவர் புதிதாகக் கற்றுக்கொண்டு வருவதற்கு.

இதைச் சொன்னவுடன் வரும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். "அவங்களுக்குத்தான் கவர்மெண்ட் சம்பளம் குடுக்குதே, நாம எதுக்கு?"

சரி, சம்பளத்தையே முதலில் பேசுவோம். அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிற எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சின்ன வகுப்புகளுக்கு நடத்துகிற இடைநிலை ஆசிரியர்களில் 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370, அதற்கு மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 என்று ஆரம்பித்த பிளவுக்காகப் பல வருடங்கள் போராடினார்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை என்று 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பிறகு தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது; ஆனால் பல வருடங்கள் மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. ஏறக்குறைய 12,000 பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். இறந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கட்டுப்படியாகாமல் விட்டுப் போனவர்கள் போக மிச்சம் அவ்வளவுதான். 2022-ல் காலியிடங்களை நிரப்ப பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கச் சொன்னபோது அறிவித்த தொகை 7,500, 10,000, 12,000. முதுகலை முடித்து, பி.எட். முடித்தவருக்குப் பன்னிரண்டாயிரம். எங்கள் ஊர்ப் பையன் பத்தாவது முடித்துவிட்டு ஓசூரில் அதைவிட அதிகம் வாங்குகிறான்.

இவர்களுக்கும் கீழே ஒருவர் இருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்துக்கொள்கிற பி.டி.ஏ. டீச்சர். அரசு ஆள் போடாத இடத்துக்குப் பெற்றோர் காசு போட்டு வைத்துக்கொள்கிற உள்ளூர்ப் பெண். பெரும்பாலும் பி.எஸ்சி., பி.எட். படித்துவிட்டு, கல்யாணமாகி அதே ஊரில் இருப்பவர். நான்காயிரமோ ஆறாயிரமோ தருவோம். அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருவோம். டவுனில் தனியார் பள்ளி ஒன்று வேனும் அனுப்பி ஒன்பதாயிரமும் தருகிறேன் என்றால் அவர் போவாரா, மாட்டாரா? போனவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நிரந்தர ஆசிரியர் கதை வேறு. அவருக்குச் சம்பளம் வருகிறது. ஆனால் எங்களைப் போன்ற வட மாவட்டத்து ஊர்களில் தெற்கத்தி ஆசிரியர்கள் நிறையப் பேர். முதல் நியமனம் இங்கே கிடைக்கும். சேர்ந்த நாளிலிருந்து மனசு கலந்தாய்வுத் தேதியிலேயே இருக்கும். அப்பா அம்மா அங்கே, குழந்தை அங்கே, இவர் மட்டும் இங்கே. மாறுதல் கேட்பது அவர் உரிமை. ஆனால் மூன்று வருடத்தில் போகிறவர் ஐந்து வருடம் இருந்தால் என்ன ஆகும்? ஆறாம் வகுப்பில் பிடித்த பிள்ளையைப் பத்தாம் வகுப்பு முடியும் வரை ஒரே கையில் வளர்த்துவிடலாம். அந்த இரண்டு வருடத்தை ஊர் நினைத்தால் சம்பாதிக்க முடியும். பூட்டு, தண்ணீர், கக்கூஸ், நல்ல அக்கம்பக்கம் உள்ள ஒரு வாடகை வீடு போதும்.

அப்புறம் பயிற்சி. அரசுப் பயிற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடுகிற குறுவள மையத்தில் கூட்டம் நடக்கிறது. 2022-ல் சின்னப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தருகிற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு நன்றாகவே பயிற்சி கொடுத்தார்கள். மாநில அரசின் கனவு ஆசிரியர் விருது பெற்றவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை 2024-ல் பிரான்சுக்கே அழைத்துப் போனார்கள். அதைப் பார்த்து நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன், ஒரு வாத்தியாருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை அது. ஆனால் எல்லா ஆசிரியருக்கும் போய்ச் சேருகிற அன்றாடப் பயிற்சிக்கான பணம், ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து செலவு செய்கிற சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்திலும் இருக்கிறது. 2024-25-ல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, மாதிரிப் பள்ளிகளுக்கான பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தின் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தி வைத்தது. மேலே இப்படி ஒரு இழுபறி வந்தால் கீழே முதலில் தள்ளிப் போவது பயிற்சிதான். கட்டடம் பாதியில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். ஒரு டீச்சர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாமல் பத்து வருடம் ஓட்டினால் யாருக்கும் தெரியாது.

நாங்கள் இரண்டாவது தடவை பணம் திரட்டியதைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. யாரும் முணுமுணுக்காமல் கட்டுவார்கள். கணக்கையும் கோவில் திண்ணையில் சத்தமாகப் படிப்பார்கள். அதே முறையைப் பள்ளிக்கூடத்துக்கும் கேட்டோம். தலைக்கட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய், வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு இருநூறு. கல்வெட்டு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். சொன்னதும் வளைவுக்குக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். வருத்தம்தான். ஆனால் வளைவுக்கு ஒன்றும் கொடுக்காத அம்மாக்கள் நிறையப் பேர் இதற்குக் கொடுத்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மா, "எம் பொண்ணுக்குக் கணக்கு டீச்சர் இல்லாமப் போச்சு, எம் பேத்திக்கு இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்ததை நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பணத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைச் சரி செய்தோம். ஓடு மாற்றி, கக்கூஸ் கட்டி, மோட்டார் போட்டு, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் வைத்தோம். இப்போது மூன்று டீச்சர்கள் அங்கே இருக்கிறார்கள். வாடகையை அவர்களே கொடுக்கிறார்கள். அதில் நாங்கள் தலையிடவில்லை. பி.டி.ஏ. டீச்சருக்கு மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் பணம், மே மாதமும் சேர்த்து.

பிறகு, கணக்கு சொல்லிக்கொடுக்கிற இரண்டு பேரைக் கோடை விடுமுறையில் சென்னையில் நடந்த ஐந்து நாள் பட்டறைக்கு அனுப்பினோம். பஸ் டிக்கெட், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாங்கள் செலவழித்த தொகை, வளைவின் பெயிண்டுக்கு ஆன செலவைவிடக் குறைவு. அதில் ஒருவர் எங்கள் பி.டி.ஏ. டீச்சர். நிரந்தரம் இல்லாதவர் என்பதால் அவரை யாரும் இதுவரை எந்தப் பயிற்சிக்கும் கூப்பிட்டதில்லை.

திரும்பி வந்த பிறகு அவர் வகுப்பில் ஒருநாள் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டார். ஒரு பையன் ஐந்தில் இரண்டு என்றான். எங்கள் காலத்தில் என்றால் மண்டையில் ஒரு குட்டு விழும். அவர் "எப்படி வந்துச்சு, சொல்லு" என்றார். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று விளக்கினான். "சரி, அரை ரொட்டி உங்கிட்ட இருக்கு. நான் இன்னும் கொஞ்சம் தர்றேன். இப்போ உங்கிட்ட இருக்கிறது அரையை விட ஜாஸ்தியா, கம்மியா?" என்று கேட்டு, காகிதத்தை மடிக்கச் சொன்னார். அவன் மடித்துப் பார்த்துவிட்டு, ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு என்று அவனே கண்டுபிடித்தான். "அப்போ தப்பு டீச்சர்" என்று சொன்னபோது அவன் முகத்தில் பயமே இல்லை. தப்பு எங்கே பிறக்கிறது என்று தேடுகிற அந்தப் பழக்கத்தை ஐந்து நாளில் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். இனி வருடா வருடம் நாற்பது பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரும். இதைவிட நல்ல செலவை எனக்குக் காட்டுங்கள்.

இது ஒன்றும் நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. விருதுநகரில் 1885-ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு சமைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியால் நடந்த பள்ளி. அன்றாடம் வருகிற அரிசியை வைத்து அன்றாடம் பள்ளியை நடத்தினார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். பிறகு அவர் முதல்வராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஊராக மக்கள் பெஞ்சும் கடிகாரமும் கட்டடமும் கொடுத்தார்கள். அன்றைக்கு அது தேவை. அந்த மாநாடுகளின் நினைவு மட்டும் நம்மிடம் தங்கி, பள்ளிக்குக் கொடுப்பது என்றாலே பொருளாகக் கொடுப்பது என்று பதிந்துவிட்டதோ என்று நினைக்கிறேன்.

ஒரு பயம் எனக்கும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஊர் காசு போட ஆரம்பித்தால், "அதான் ஊர்க்காரங்க பாத்துக்கறாங்களே" என்று அரசு காலியிடத்தை அப்படியே விட்டுவிடும். அதனால் எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பி.டி.ஏ. டீச்சருக்குச் சம்பளம் போடுகிற ஒவ்வொரு மாதமும், அந்த இடத்துக்கு நிரந்தர ஆசிரியர் கேட்டு ஒரு மனுவும் அனுப்புகிறோம். ஆசிரியரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் அரசின் கடமை. அந்தக் கடமையிலிருந்து அரசை விடுவிக்க நமக்கு உரிமை இல்லை.

பணம் ஒரு ரூபாய்கூட ஆசிரியர் கையில் அன்பளிப்பாகப் போகக் கூடாது. அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. நம்முடைய நல்லெண்ணம் அவருக்கு வினையாகிவிடும். மேலாண்மைக் குழுவில் பேசி, தீர்மானம் எழுதி, வங்கிக் கணக்கு வழியாக மட்டும் செலவு செய்யுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-ல் மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டுகிற 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாகக் கொடுக்கிறவர்களும் பெயிண்டும் ஸ்மார்ட் போர்டும் வாங்கிக் கொடுக்கும் முன்னால், "உங்க டீச்சருங்களுக்கு என்ன வேணும்?" என்று தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதெல்லாம் செய்தும் எங்கள் அறிவியல் சார் போன வருடம் மாறுதலில் போய்விட்டார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, போகத்தான் வேண்டும். இப்போது இருக்கிற கணக்கு டீச்சர் இந்தக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கவில்லை. அடுத்த வருடம் என்ன செய்வார் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

இந்த மே மாதம் மூன்று பேரை அனுப்ப வேண்டும். அறிவியலுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர், மறுபடியும் பி.டி.ஏ. டீச்சர். நம் பள்ளியில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். மேலாண்மைக் குழுவின் கணக்கு எண்ணை அனுப்புகிறேன். போன வருட வரவு செலவு நோட்டையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், முதலில் அதைப் பாருங்கள்.