பன்னீர் மரத்தின் பெயரில் இருக்கும் கெத்தார்

திருச்செந்தூரில் விபூதியைப் பன்னீர் இலையில் வைத்துத் தருவார்கள். அந்த மரத்தின் அறிவியல் பெயர் கெத்தார்டா ஸ்பெசியோசா. ழான்-எத்தியென் கெத்தார் என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவாகச் செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் வைத்த பெயர் அது. தாவரவியல் படிக்கிற பிள்ளைகள் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள், ஆளைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

1715-இல் பாரிசுக்குத் தெற்கே எத்தாம்ப் என்ற ஊரில் பிறந்தவர். மருந்து தயாரித்து விற்ற தாத்தாவிடம்தான் செடிகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். இலையிலும் தண்டிலும் இருக்கும் பொடி ரோமங்களையும் சுரப்பிகளையும் உருப்பெருக்கியின் கீழே வைத்து, செடிக்குச் செடி அவை எப்படி மாறுகின்றன என்று பொறுமையாக எழுதி வைத்த மனிதர். இந்தச் செடி ஏன் இங்கே மட்டும் முளைக்கிறது என்ற கேள்விதான் அவரை மண்ணுக்கும், மண்ணிலிருந்து பாறைக்கும் இழுத்துப் போனது. 1746-இல் பிரான்சின் பாறைகளையும் கனிமங்களையும் பட்டை பட்டையாகப் பிரித்து ஒரு வரைபடம் போட்டார். அந்தப் பட்டைகள் கடலைத் தாண்டி இங்கிலாந்திலும் தொடர்கின்றன என்று காட்டினார். பாறைகளின் வயது பற்றி அதில் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் நிலத்துக்கு அடியில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதைத் தாளில் கொண்டுவந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று.

1751-இல் நடந்ததைத்தான் நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன். நண்பர் மால்செர்புடன் பயணம் போனபோது, முலேன் நகரத்தருகே சாலையோரத்து மைல்கற்கள் கறுப்பாக இருப்பதைக் கவனித்தார். எரிமலைக் கல் மாதிரி இருக்கிறதே, எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தார். வோல்விக் என்ற ஊரிலிருந்து என்றார்கள். அங்கேயே போனார். எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த தடத்தைப் பார்த்தார், புய் தெ தோம் மலைமீது ஏறினார். அதைச் சுற்றி நிற்கும் குன்றுகளின் உச்சியில் கிண்ணம் போன்ற பள்ளங்கள். இவை அணைந்துபோன எரிமலைகள் என்று 1752-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் வாசித்தார். இத்தனைக்கும் அவர் எரிகிற எரிமலையை அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. கிளேர்மோன் நகரத்துப் பேராலயமே அந்தக் கறுப்புக் கல்லில் எழும்பியதுதான். தலைமுறை தலைமுறையாக அதை வெட்டி வீடு கட்டியவர்கள் கேட்காத கேள்வியை, வழியில் போன ஒரு தாவரவியலாளர் கேட்டார்.

அப்புறம் பசால்ட் என்ற கறும்பாறை விஷயத்தில் அவர் சறுக்கினார் என்பதும் உண்மைதான். அது நீரில் உருவானது என்று எழுதினார். எரிமலைக் குழம்பு உறைந்த கல் என்று புய் தெ தோம் நிற்கும் அதே ஓவெர்ன் பகுதி மலைகளை வைத்து நிறுவியவர் தெமாரே என்ற இன்னொரு பிரெஞ்சு நிலவியலாளர். அந்தத் தவற்றைச் சொல்லியே கெத்தாரை ஓரங்கட்டுவது நியாயமே இல்லை. மழையும் ஆறும் மலைகளை எப்படிக் கரைக்கின்றன என்றும், பாறைக்குள் கிடக்கும் சிப்பிகள் கடலில் வாழ்ந்தவைதான் என்றும் அந்தக் காலத்திலேயே விரிவாக எழுதியவர் அவர்.

ஆள் கொஞ்சம் முரடு. அறிவியல் கழகத்தில் சேர ஓட்டுப் போட்டதற்கு நன்றி சொல்ல வந்த ஒருவரிடம், "நீங்கள் எனக்குக் கடன்பட்டதில்லை, நியாயம் என்று பட்டிருக்காவிட்டால் போட்டிருக்க மாட்டேன், உங்களை எனக்குப் பிடிக்காது" என்றாராம். கெத்தார் மறைந்தபின் கழகத்தின் செயலர் கொந்தோர்சே ஆற்றிய புகழுரையில் வருகிறது இது. இப்படிப்பட்டவர்தான் 1767-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும், கிழக்குப் பிரான்சின் வோஜ் மலைப்பகுதியில் மாதக்கணக்கில் குதிரையில் சுற்றினார். கூடவே போன இளைஞர் லவாய்சியர். பிற்காலத்தில் வேதியியலைப் புரட்டிப் போட்ட அதே லவாய்சியர்தான்.

நம் கல்லூரிகளில் தாவரவியல் துறையும் நிலவியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் பேசிக்கொள்வதில்லை. மாணவர்களைச் செடி சேகரிக்க அழைத்துப் போகும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். சேலம் சுண்ணாம்புக்கரட்டுக்கே போகிறீர்கள் என்று வையுங்கள். உலர்த்திய செடியை ஒட்டி வைக்கும் ஹெர்பேரியம் தாளில் செடியின் பெயருக்குக் கீழே, அது எந்த மண்ணில், எந்தப் பாறைமேல் நின்றது என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.