கேபிளை அழித்தவர் வெளியே, ஆட்டை விரட்டியவர் மேடையில்

எங்கள் ஊர்ப் புகைப்படக் கழகத்தின் போட்டி விதிகளையும் கண்காட்சி விதிகளையும் திருத்தி எழுதும் வேலை இந்த ஆண்டு என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய விதிகள் மொத்தம் நான்கு பக்கம். மூன்று இரவுகள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க, அலமாரியில் இருக்கும் ஒரு கோப்பை கண்ணை உறுத்த ஆரம்பித்தது. என்னுடைய கோப்பைதான். அதன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து "நீர் மட்டும் யோக்கியமா?" என்று கேட்க வேண்டியிருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனிக் காலை. மதுரையை அடுத்த கீழக்குயில்குடிப் பக்கம், பின்னால் சமணர் மலை தெரிகிற மாதிரி ஒரு வறண்ட கண்மாய். பக்கத்துத் தரிசில் ஒரு கீதாரி, அதாவது மந்தை ஓட்டும் ஆட்டுக்காரர், கிடை போட்டிருந்தார். நாங்கள் ஐந்து பேர். ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பின. வெயில் சாய்வாக விழுந்தது, புழுதியும் எழுந்தது, ஆனால் எங்களுக்குப் போதவில்லை. எங்களில் ஒருவர் போய்ப் பேசினார். முந்நூறு ரூபாய். கீதாரி மந்தையைத் திருப்பிக் கண்மாய்க்குள் ஓட்டினார். புழுதி அருமையாக வந்தது, ஆடுகள்தாம் சிதறிவிட்டன. இன்னொரு முறை கேட்டோம், ஓட்டினார். மூன்றாம் முறை கேட்டபோது தயங்கினார். மந்தையில் சினை ஆடுகள் இருக்கின்றன, இதற்கு மேல் விரட்டக் கூடாது என்றார். நாங்கள் மேலும் நூறு ரூபாய் கொடுத்தோம். ஓட்டினார்.

அந்த மூன்றாவது ஓட்டத்தில் கிடைத்த படத்துக்குத்தான் முதல் பரிசு. தலைப்பு: 'வீடு திரும்பும் பொழுது'. எடுத்தது காலை ஏழு மணிக்கு. நடுவர்களில் ஒருவர் மேடையில் அந்த அந்தி ஒளியின் கனிவைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். நான் பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அதே ஆண்டு, அதே மக்கள் வாழ்வியல் பிரிவில், ஓர் இளைஞரின் படம் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் தல்லாகுளம் எதிர்சேவையில் எடுத்தது. தலையில் உருமால் கட்டிய ஒருவர் தோல் பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறார். அந்த நீர்த் தாரை வெயிலில் கண்ணாடி இழை மாதிரி விரிகிறது. நான் எடுத்திருந்தால் ஒரு மாதம் தூங்கியிருக்க மாட்டேன். வானத்தின் குறுக்கே ஒரு கேபிள் டிவி கம்பி போயிருக்கிறது. தம்பி அதை அழித்துவிட்டார். கேமராவிலிருந்து வரும் திருத்தாத மூலமான 'ரா' கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது கம்பி இருந்தது. விதி எண் 9: 'படத்தில் இருந்த எதையும் நீக்கவோ, இல்லாததைச் சேர்க்கவோ கூடாது.' வெளியே போனார். அதன் பிறகு அவர் கழகத்தின் பக்கமே வரவில்லை.

தகுதி நீக்கம் தவறு என்று நான் சொல்லவில்லை. விதி இருந்தது, அவர் மீறினார். நேஷனல் ஜியோகிராஃபிக் 2012இல் நடத்திய போட்டியில் ஹாரி ஃபிஷ் என்பவர் வாரணாசியில் எடுத்த படத்துக்கு இடங்கள் பிரிவில் பரிசு அறிவித்துவிட்டு, ஓரத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை அழித்திருந்தார் என்பதற்காகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பையை அப்படியே விட்டிருந்தாலும் சரி, ஓரத்தை வெட்டியிருந்தாலும் சரி, பரிசுக்குக் குறை வந்திருக்காது. அழித்ததுதான் குற்றம். கடுமையாகத் தெரியலாம். ஆனால் கோடு எங்கே என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

என் புகார் வேறு. எங்கள் நான்கு பக்க விதிகளும் ஷட்டர் விழுந்த பிறகு நடந்ததை மட்டுமே துருவுகின்றன. ஷட்டர் விழுவதற்கு முன் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் ஆட்டுப் படத்தின் 'ரா' கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பளிங்கு மாதிரி இருக்கும். ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

உலகத்தில் பெரிதாக நாறிய மோசடிகள் பலவும் ஷட்டருக்கு முந்தைய இந்தக் கட்டத்தில்தான் நடந்திருக்கின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009இல் முதல் பரிசு, இரவில் ஒரு வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்க்கு. அடுத்த ஜனவரியிலேயே பரிசை ரத்து செய்தார்கள். அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்க வேண்டும் என்பது நடுவர்களின் முடிவு. எடுத்தவர் மறுத்தார். அதே போட்டியில் 2017இல் ஓர் எறும்புதின்னிப் படத்துக்குப் பரிசு. பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையத்தில் பாடம் செய்து வைத்திருந்த எறும்புதின்னியோடு அது அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று அறிவியலாளர்கள் ஒப்பிட்டுச் சொல்ல, 2018இல் அந்தப் பரிசும் போனது. இவரும் மறுத்தார். இந்த இரண்டு படங்களையும் எங்கள் விதி 9ஆல் பிடித்திருக்க முடியுமா? முடியாது. கோப்பில் எதுவும் கலைக்கப்படவில்லை. கலைத்தது, கலைத்ததாகச் சொல்லப்படுவது, கேமராவுக்கு முன்னால் இருந்ததை.

இயற்கைப் பிரிவிலாவது உலக அமைப்புகள் விழித்துக்கொண்டன. சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப்பும் அமெரிக்கப் புகைப்படக் கழகமும் பிரிட்டனின் ராயல் புகைப்படக் கழகமும் சேர்ந்து ஒரே வரையறையை வைத்திருக்கின்றன. அழகைவிடக் கதைக்கே மதிப்பு அதிகம்; வளர்ப்பு விலங்கும் தோட்டச் செடியும் கூடாது; ஓரத்தை வெட்டலாம், உள்ளே இருப்பதை நீக்கவோ நகர்த்தவோ கூடாது. உயிருள்ள இரையை வைத்து விலங்கை வரவழைப்பதும், கூட்டிலிருந்து குஞ்சை எடுத்துப் படம் பிடிப்பதும் அறமல்ல என்பது இந்தப் போட்டிகளில் பழகிப்போன விதி. படத்தைவிடப் படத்தில் இருக்கும் உயிரின் நலமே பெரிது என்பது அதன் அடிப்படை.

எங்கள் கழகம் அந்த வரையறையின் முதல் பாதியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, இரைக்கும் கூட்டுக்கும் உரிய பகுதியை விட்டுவிட்டது. ஏன் விட்டது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. மீன்கொத்தி உட்காரும் கிளைக்குக் கீழே மீன் விட்ட தொட்டியைப் புதைத்து வைத்து, அது நீரைப் பிளந்து எழுவதைப் பிடித்த படங்கள் எத்தனை! தூக்கணாங்குருவிக் கூட்டை மறைக்கும் ஓலையை 'லேசாக' ஒதுக்கிய படங்கள் எத்தனை! ஒதுக்கிய ஓலை திரும்பி வராது. வெயில் நேராகக் கூட்டின் மேல் விழும், காக்கைக்கு வழி தெரிந்துவிடும். படமெடுத்தவர் அதற்குள் வீட்டில் காபி குடித்துக்கொண்டு கோணத்தைத் திருத்திக்கொண்டிருப்பார். சென்னையின் காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே ஒன்றைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பான்டரோசா' என்று பெயரும் வைத்து, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். இன்று நம்மிடம் இருக்கும் லென்ஸுக்கு ஓலையைத் தொடவே தேவையில்லை. ஆனாலும் தொடுகிறோம்.

சரி, பறவைக்காவது எங்கோ ஒரு விதி இருக்கிறது. மனிதருக்கு? சுருக்கம் விழுந்த முகம், பீடிப் புகை, ஓட்டுச் சந்து வழியே விழும் ஒளிக்கற்றை, வலை வீசும் மீனவர். இவற்றில் பாதி, காசு கொடுத்து நிற்க வைத்தவை. உள்ளூர்ப் போட்டி நடுவராக இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரே தாத்தா நான்கு பேருடைய படங்களில் வந்தார், ஒரே துண்டு, ஒரே ஜன்னல். 2019இல் துபாயில் 1,20,000 டாலர் பரிசு பெற்ற படம் நினைவிருக்கிறதா? வியட்நாமியத் தாய், கையில் குழந்தைகள், 'நம்பிக்கை' என்ற பொருளில் நடந்த போட்டி. பிறகு வேறொரு படம் வெளியே வந்தது. அதில் அந்தத் தாயைச் சுற்றி ஒரு கூட்டமே கேமராவோடு நிற்கிறது.

எங்கள் கண்காட்சியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பூக்கார அம்மாவின் முகம். 20க்கு 30 அங்குலத்தில் அச்சிட்டு, நுழைவாயிலுக்கு எதிரே மாட்டியிருந்தோம். அந்த அம்மா மண்டபத்திலிருந்து இருநூறு அடி தூரத்தில்தான் கடை போடுகிறார். யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடத் தோன்றவில்லை என்பதுதான் சரி. டீக்கடைக்காரர் சொல்லித் தானாக வந்தார். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். படத்தின் முன் வெகுநேரம் நின்றார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "மூக்குத்தி அடகில் இருந்த நாள், ஐயா" என்றார். அதுவரை அந்த முகத்தின் 'எளிமை'யை வியந்துகொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். கீழே விலைச்சீட்டு தொங்கியது, எட்டாயிரம் ரூபாய். அவருக்குப் படிக்கத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் பேசினால் கழகத்தின் மூத்தவர்கள் உடனே கலையைக் கூப்பிடுவார்கள். புகைப்படம் என்பது கட்டமைப்பதுதானே, அந்தக் காலத்திலேயே செய்திருக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். 1857இல் ரெய்லாண்டர் என்ற புகைப்படக்காரர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை ஒட்டி ஒரே படமாக்கினார், விக்டோரியா மகாராணியே ஒரு பிரதி வாங்கினார். சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றியதும் அதே 1850களில்தான். சலோன் எனப்படும் புகைப்படக் கண்காட்சிப் போட்டி மரபே அப்படி ஒட்டியும் வெட்டியும் நிற்க வைத்தும் வளர்ந்ததுதான். அதனால்தான் 'பொதுப் பிரிவு' என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஆட்டையும் ஓட்டுங்கள், வானத்தையும் மாற்றுங்கள், கம்பியையும் அழியுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 'மக்கள் வாழ்வியல்' என்று பெயர் வைத்த பிரிவில் நானூறு ரூபாய் கொடுத்து வாங்கிய வாழ்வியலை நுழைத்தேனே, அதற்கு எந்த ரெய்லாண்டரும் சாட்சிக்கு வரமாட்டார்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றித்தான் இப்போது எல்லாரும் பதறுகிறார்கள். 2023இல் ஒருவர் அப்படி ஒரு படத்தால் சோனி போட்டியில் பரிசு வாங்கிவிட்டு, இது புகைப்படமே அல்ல என்று தானே மறுத்துவிட்டார். 2024இல் இன்னொருவர் தலைகீழாக, நிஜமான பூநாரைப் படத்தைச் செயற்கைப் படங்களுக்கான பிரிவில் அனுப்பிப் பரிசு வாங்கினார், பிறகு தகுதி நீக்கம் ஆனார். எனக்கு இரண்டாமவரை ரொம்பப் பிடிக்கும். புதிய விதியில் இதற்கு ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: கேமராவில் விழுந்த ஒளியிலிருந்து வராத படம் எந்தப் பிரிவுக்கும் வேண்டாம். முடிந்தது.

சில்லறை விஷயங்கள்: அச்சு 12க்கு 18 அங்குலம், கறுப்பு மவுண்ட், பின்பக்கம் மட்டும் பெயர். செயற்குழுவில் இருப்பவரின் படம் போட்டியில் இருந்தால் நடுவர் தேர்வில் அவருக்குப் பேச்சில்லை. ஒரு முறை பரிசு வாங்கிய படம் தலைப்பை மாற்றிக்கொண்டு அடுத்த ஆண்டு வரக்கூடாது (சிரிக்காதீர்கள், வந்திருக்கிறது).

சில்லறை அல்லாத ஒன்று விதி 14: 'போட்டிக்கு வரும் படங்கள் அனைத்தும் கழகத்தின் சொத்து.' யார் எழுதியது என்று தெரியவில்லை, ஆனால் சட்டம் படித்தவர் எழுதவில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, இப்படிப் போட்டிக்கு வரும் படத்தின் முதல் உரிமையாளர் அதை எடுத்தவர்தான். உரிமையை மாற்றித் தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டுகள், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு வரையறுக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு. நூறு ரூபாய் நுழைவுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, தோற்ற படத்தையும் நமதாக்கிக்கொள்வது என்ன நியாயம்? கண்காட்சியில் வைக்கவும், கழக மலரில் ஒரு முறை அச்சிடவும் அனுமதி. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி நான் உண்மையில் சண்டை போடப்போகும் இடம். பொதுப் பிரிவு நீங்கலாக, ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறு வாக்குமூலம் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பணம் கொடுத்தீர்களா? நிற்கவோ நடக்கவோ சொன்னீர்களா? தீனி வைத்தீர்களா? உடன் எத்தனை பேர் எடுத்தார்கள்? 'ஆம்' என்றால் படம் வெளியே போகாது. பதில் நடுவர்களுக்குத் தெரியும், கண்காட்சிச் சீட்டிலும் அச்சாகும். கூடு, உயிர் இரை இரண்டுக்கு மட்டும் தடை. முகம் தெரியும்படி ஒருவரை மாட்டினால் அவருக்குச் சொல்லிவிட்டு மாட்ட வேண்டும், குழந்தையானால் பெற்றோரிடம். அழைப்பிதழும் ஒரு பிரதியும் அவர்களுக்குப் போக வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் எல்லாரையும் தேடிப் போக முடியாது, தெரியும். இருநூறு அடி தூரத்தில் இருப்பவரைத் தேடலாம்.

பொய் சொல்வார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். சொல்வார்கள். அன்று கண்மாயில் நின்ற எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்காவது வாய் இருக்கும்.

பொதுக்குழு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு. அடுத்த மாதம் பழைய பரிசுப் படங்களின் கண்காட்சி. என் ஆட்டுப் படமும் மாட்டப்படுகிறது. அதற்கான சீட்டை நானே புதிதாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்: 'காலை 7 மணி. மேய்ச்சலுக்குப் போகும் ஆடுகள். நானூறு ரூபாய் கொடுத்து மூன்று முறை ஓட்டச் சொன்னோம்.' அவர் இரண்டு தடவை படித்தார். இவ்வளவு எழுதுவதென்றால் கீதாரியின் பெயரையும் சேர்த்துவிடலாமே, பெயர் என்ன என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை.