தரையிலேயே கிளியரன்ஸ் வாங்கினால் கோழையா?

அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். மேகத்துக்குள் பறக்கக் கன்ட்ரோலர் தரும் அனுமதியை, அதாவது கிளியரன்ஸை, தரையிலேயே வாங்கிக்கொண்டு, "இப்போது கிளம்பலாம்" என்ற ரிலீஸுக்காக ஓடுபாதை முனையில் ஒரு சின்ன விமானம் காத்து நிற்கிறது. பின்னால் நிற்பவர் பொறுமையிழந்து படம் பிடிக்கிறார். "மேலே போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, இதற்கே பயந்தால் எதற்குப் பறக்க வருகிறாய்?" என்று நக்கல் வேறு. அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்த விமானத்தில் இருந்தவன் என்னிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே பறப்பதற்கான தகுதி) பயின்ற பையன் என்று தெரிந்தவர்களும் அங்கே சிரித்திருக்கிறார்கள். சரி, இருக்கட்டும்.

அவன் செய்தது சரி. மேகம் தலைக்கு மேல் தொங்கும்போது கிளியரன்ஸைத் தரையில் வாங்க வேண்டும். இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப்போகிறேன். அலுத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டு விமான நிலையங்கள் சுமார் 5,000. கட்டுப்பாட்டுக் கோபுரம், அதாவது டவர், இருப்பது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில்தான். மற்ற இடங்களில் மேகத்துக்குள் போக அனுமதி வேண்டுமென்றால் போனைத்தான் எடுக்க வேண்டும். முன்பு விமானிகளுக்குத் தகவல் தரும் ஃப்ளைட் சர்வீஸ்காரர் நடுவில் நின்று வாங்கிச் சொல்வார். 2018-லிருந்து பல இடங்களில் அந்த வட்டார வானத்தைக் கவனிக்கும் அப்ரோச் கன்ட்ரோலையே நேரடியாகக் கூப்பிடுகிறோம். நம்பர், விமான நிலையக் கையேடான சார்ட் சப்ளிமென்டிலேயே இருக்கிறது. பாதை, உயரம், அலைவரிசை, ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு திருப்பிப் படிக்க வேண்டும். கடைசியில் ஒரு நேரம் சொல்வார்கள், அதற்குள் கிளம்பாவிட்டால் அனுமதி செல்லாது என்று. அந்த நேரம் தாண்டி 30 நிமிடம் ஆகியும் நாம் பேசவில்லையென்றால் காணாமல்போனதாகக் கருதித் தேடத் தொடங்கிவிடுவார்கள். அதுவரை அந்த நிலையத்துக்கு வரவேண்டிய, அங்கிருந்து போகவேண்டிய மற்ற ஐஎஃப்ஆர் விமானங்களெல்லாம் (கருவிகளைப் பார்த்து, கன்ட்ரோலர் அனுமதியோடு பறப்பவை) நிற்கும். அதாவது, கன்ட்ரோலர் நமக்காக வானத்தில் ஒரு துண்டையே பூட்டி வைத்திருக்கிறார். இன்னொருவருக்காகப் போட்ட அப்படியொரு பூட்டு திறக்கும்வரை காத்திருந்தவனைத்தான் நீங்கள் கேலி செய்கிறீர்கள்.

"மேலே போய் வாங்கிக்கொள்" என்பவர்களே, மேலே என்றால் எங்கே? மேகம் எண்ணூறு அடியில் இருந்தால் அதற்குக் கீழே அறுநூறு, எழுநூறு அடியில் சுற்ற வேண்டும். அந்த உயரத்தில் பல இடங்களில் ரேடார் நம்மைப் பார்க்காது, ரேடியோவும் எட்டாது. எட்டினாலும் கன்ட்ரோலர் கேட்பார்: குறைந்தபட்ச ஐஎஃப்ஆர் உயரத்தை அடையும்வரை மலை, கோபுரம் எதிலும் மோதாமல் நீயே பார்த்துக்கொள்வாயா? முடியும் என்றால் பொறுப்பு நம் தலையில். முடியாது என்றால் மேகத்துக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். வேறு விமானம் இறங்கிக்கொண்டிருந்தால் "கொஞ்சம் பொறு" என்பார். காற்றில் எப்படிப் பொறுப்பது? தரையில் பொறுத்தால் எரிபொருள் போகும், அவ்வளவுதான்.

நான் கதை விடுவதாக நினைப்பவர்கள் சான் டியாகோவின் பிரவுன் ஃபீல்ட் விமான நிலையத்தைப் பற்றிப் படித்துப் பாருங்கள். 1991 மார்ச் 16, நள்ளிரவு தாண்டிய நேரம், டவர் மூடியிருந்தது. பாடகி ரீபா மெக்கன்டயரின் இசைக்குழுவினரை ஏற்றிய ஜெட் விஎஃப்ஆரில், அதாவது கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி, கிளம்பியது, கிளியரன்ஸை மேலே வாங்கிக்கொள்ளலாம் என்று. ஓட்டாய் மலையில் மோதி 10 பேரும் போய்விட்டார்கள். 2004 அக்டோபரில் அதே நிலையம், அதே மலை, மறுபடி இரவு. இந்த முறை ஏர் ஆம்புலன்ஸ் லியர்ஜெட், 5 பேர். அவர்கள் காற்றில் கன்ட்ரோலரோடு பேசத் தொடங்கியும்விட்டார்கள், அப்படியும் மலை வந்துவிட்டது. 1991 டிசம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ரோம் என்ற ஊரில், பீச்ஜெட் என்ற சின்ன ஜெட் விமானம். வேறொரு விமானம் வருவதால் அதற்குக் கிளியரன்ஸ் உடனே கிடைக்கவில்லை. கீழேயே பறந்து காத்திருந்தபோது மலையில் மோதி 9 பேர். இவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் இல்லை. ஜெட் ஓட்டியவர்கள்.

"விஎஃப்ஆரில் கிளம்புவது சட்டப்படி சரிதானே?" சரிதான். வானம் துடைத்துவிட்டது போலிருக்கும் பகலில், தெரிந்த நிலப்பரப்பில் நானும் அப்படித்தான் போகிறேன். யார் வேண்டாம் என்றார்? அந்த வீடியோவில் தெரியும் வானத்தைப் பாருங்கள், அப்புறம் சட்டம் பேசுங்கள்.

"பின்னால் நிற்பவரின் நேரம் வீணாகிறதே?" ஐயோ பாவம்.

"ஓரமாக நின்று வழி விட்டிருக்கலாமே?" இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. இடம் இருந்தால் விடலாம்தான். ஆனால் வழி கேட்க ரேடியோ இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டுப் போனைத் தூக்கிப் படம் எடுப்பானேன்?

உண்மையில் யாருடைய நேரத்தை யார் வீணாக்குகிறார்கள் தெரியுமா? ஒரு குளிர்கால மதியம் நானும் இப்படித்தான் நின்றேன். போனில் கன்ட்ரோலர் "முன்னால் வந்தவர் இன்னும் கேன்சல் செய்யவில்லை, தரையிறங்கிவிட்டாரா என்று தெரியுமா?" என்று என்னிடமே கேட்டார். இறங்கியவர் தன் ஐஎஃப்ஆர் ஃப்ளைட் பிளானைக் கேன்சல் செய்யும்வரை அவருக்கான பூட்டு திறக்காது. அந்த விமானம் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எனக்கு எதிரிலேயே நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போனால், மனிதர் காப்பி மெஷினில் சர்க்கரை தேடிக்கொண்டிருக்கிறார். ஃப்ளைட் பிளானை மூடினீர்களா என்று கேட்டதற்கு, "அட, மறந்துட்டேன்" என்று சிரித்தார். மன்னிப்பு இல்லை. வெளியே இரண்டு விமானங்கள் நின்றன, மேலே ஒன்று ஹோல்டிங்கில் சுற்றிக்கொண்டிருந்தது. அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை. அவரை யாரும் கோழை என்று சொல்லவில்லை. முறைப்படி போன் செய்து, எழுதி, திருப்பிப் படித்து, காத்திருப்பவன்தான் இவர்களுக்குக் கேலிப்பொருள். டவர் இல்லாத இடத்தில் பறப்பவர்கள் என்றாலே விளையாட்டாகப் போய்விட்டது எல்லோருக்கும்.

பையன் இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. சிரித்தவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: டவர் இல்லாத இடத்தில் ஐஎஃப்ஆரில் இறங்கினால், ஓடுபாதையை விட்டு விலகியதும் கேன்சல் செய்யுங்கள். காப்பி அப்புறம்.