பேர் சொல்லிக் கூப்பிடுற சமத்துவம் பேன்ட்ரி வாசலோட நின்னுடுது

ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனிகள்ல புதுசா சேர்ற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிடுவாங்க: "இங்க சார், மேடம் எல்லாம் கிடையாது. வைஸ் பிரசிடென்ட்டா இருந்தாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும்." காலேஜ்ல நாலு வருஷம் எழுந்து நின்னே பழகின பிள்ளைகளுக்கு முதல்ல வாயே வராது, அப்புறம் பழகிடும். எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். "சார்"னு ஆரம்பிச்சிட்டு "நீங்க சொல்றது தப்பு"ன்னு முடிக்கிறது நம்ம ஊர்ல எவ்வளவு கஷ்டம்னு வேலைக்குப் போற எல்லாருக்கும் தெரியும்.

ஆனா இதே ஆபீஸ்ல நான் பார்த்த ஒரு மீட்டிங்கைச் சொல்றேன். இருபத்திமூணு வயசுப் பையன், ஐம்பதைத் தாண்டின வைஸ் பிரசிடென்ட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தெளிவா ஒரு எதிர்க்கருத்து சொல்றான். பார்க்கவே சந்தோஷமா இருந்துச்சு. அப்போ பேன்ட்ரில வேலை செய்ற அம்மா காபி எடுத்துட்டு வந்தாங்க. அவனோட அம்மாவை விட வயசு கூட இருக்கும். அதே பையன், அதே மூச்சுல, "அக்கா, எனக்குச் சர்க்கரை போடாம கொண்டு வான்னு சொன்னேன்ல?" அவங்க, "மறந்துட்டேன் சார், இதோ மாத்தி எடுத்துட்டு வர்றேன் சார்" அப்படின்னாங்க.

இந்தக் கட்டடத்துல சார் கிடையாதுன்னு அந்த அம்மாகிட்ட யாரும் சொல்லவே இல்ல. அவங்க கான்ட்ராக்ட் ஆள். புதுசா சேர்றவங்களுக்கு நடத்துற இன்டக்‌ஷன்ல அவங்களுக்கு நாற்காலியே போடல.

இதைப் பத்திப் பேசினா உடனே வர்ற பதில்: "நாங்க உரிமையா, பாசமாத்தான் நீ வா போன்னு பேசுறோம். வீட்ல அக்காவை அப்படித்தானே கூப்பிடுறோம்?" வீட்ல அக்கா திருப்பி "போடா"ன்னு சொல்லலாம். இங்க அந்த அம்மா ஒரு தடவை உங்களைப் பார்த்து "என்னப்பா, நீ எடுத்துக்கோ"ன்னு சொல்லட்டும், அன்னைக்கு சாயங்காலமே சூப்பர்வைசருக்குப் புகார் போகும். திருப்பிச் சொல்ல முடியாத உரிமைக்குப் பேர் பாசம் இல்ல.

இது ஐடி கம்பெனி கண்டுபிடிச்ச பழக்கமும் இல்ல. ஊர்ல பள்ளிக்கூடம் போற சின்னப் பையன், நரைச்ச தலையோட நிக்கிற தலித் பெரியவரைப் பேர் சொல்லி "நீ"ன்னு கூப்பிடுறதைப் பார்த்து வளர்ந்தவங்கதான் நம்மள்ல நிறைய பேர். குழந்தைகிட்டக்கூட "வாங்க கண்ணு"ன்னு பேசுற கொங்கு மண்ணுலயே அந்த "ங்க" எல்லா வாசலுக்கும் போனதில்ல. அந்தப் பழக்கம்தான் சட்டையை இன் பண்ணிக்கிட்டு, கழுத்துல ஐடி கார்டு மாட்டிக்கிட்டு ஆபீஸுக்கு வந்திருக்கு. ஆஸ்பத்திரியைப் பாருங்க: டாக்டர் "சார்", நர்ஸ் "சிஸ்டர்", வார்டைச் சுத்தம் பண்றவங்க "ஏ ஆயா".

நாம மரியாதையைப் பத்திப் பேசறதெல்லாம் மேல இருக்கிறவங்களைப் பத்தித்தான். கோர்ட்ல நீதிபதிகளை "மை லார்ட்"னு கூப்பிட வேண்டாம், "யுவர் ஆனர்" போதும்னு 2006-ல வக்கீல்களுக்கான அமைப்பான பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதி கொண்டு வந்துச்சு. "மை லார்ட்"னு கூப்பிடணும்னு கட்டாயம் எதுவும் இல்லைன்னு 2014-ல உச்ச நீதிமன்றமே சொல்லிச்சு. 2019-ல ராஜஸ்தான் உயர் நீதிமன்ற நீதிபதிகள் கூடி, எங்களை அப்படிக் கூப்பிடாதீங்கன்னு தீர்மானம் போட்டாங்க. எல்லாமே நல்லதுதான். 2021-ல கேரளாவுல பாலக்காடு மாவட்டம் மாத்தூர் பஞ்சாயத்து செஞ்சது எனக்கு இன்னும் பெருசா படுது. ஆபீஸுக்கு வர்ற ஜனங்க யாரையும் சார், மேடம்னு கூப்பிட வேண்டாம். பேரையோ பதவியையோ சொன்னா போதும்னு முடிவு பண்ணாங்க. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிறவங்களை நினைச்சு எடுத்த முடிவு அது.

ஆனா கீழ இருக்கிறவங்களை எப்படிக் கூப்பிடணும்னு எந்த ஆபீஸாவது ஒரு சர்க்குலர் விட்டு நான் பார்த்ததில்ல. செக்யூரிட்டி, டிரைவர், ஹவுஸ்கீப்பிங் எல்லாருக்கும் பேர் இருக்கு. வருஷக்கணக்கா நம்ம டேபிளைத் துடைக்கிறவங்க பேர் நம்ம ஃப்ளோர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? "அண்ணா", "அக்கா" நல்ல வார்த்தைகள்தான், நானும் சொல்றேன். பேரைத் தெரிஞ்சுக்கிட்டு, கூடவே "வாங்க", "குடுங்க"ன்னு பேசினாத்தான் அதுக்கு அர்த்தம். அண்ணான்னு கூப்பிட்டு அடுத்த நொடி "கேட்டைத் திற"ன்னா, அது வெறும் விசில் சத்தம்.

எச்ஆர்ல வேலை செய்ற நண்பர்கள் நிறைய பேர் இதைப் படிக்கிறீங்க. அடுத்த பேட்ச் வரும்போது, சிஇஓ படம் போடுற ஸ்லைடுக்கு அடுத்து, அந்த ஃப்ளோர்ல வேலை செய்ற ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்களைக் கேட்டுக்கிட்டு அவங்க பேரையும் போடுங்க. அவங்களையும் அந்த ரூம்ல உட்கார வைங்க. "இங்க சார் கிடையாது"ன்னு அவங்களுக்கும் சொல்லுங்க.