தேத்தண்ணியும் ஆறும்

கடந்த மாதம் தரம் 4இல் படிக்கும் ஒரு பிள்ளை தன்னுடைய மாதிரி வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். 'மா' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் எழுதும்படி அதில் கேட்டிருந்தார்கள். 'மாமரம்' என்று ஒன்றும், 'புட்டுக்குக் குழைக்கிற மா' என்று மற்றதும் எழுதியிருந்தாள். முதலாவதுக்குச் சரி போட்டிருந்தது. இரண்டாவதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் 'குதிரை' என்று எழுதித் திருத்தியிருந்தார்கள். குதிரையை அந்தப் பிள்ளை படத்தில்தான் கண்டிருக்கிறாள். மாவை அவள் தாய்க்குப் பக்கத்தில் இருந்து தன் கையாலேயே குழைத்திருக்கிறாள். அரிசி மா, ஒடியல் மா, கோதுமை மா என்று நாங்கள் நாள்தோறும் சொல்லும் பொருள் அகராதியிலும் உள்ள பொருள்தான். ஆனால் விடைத்தாளில் அச்சிட்டிருந்தது மரமும் குதிரையும் மட்டுமே என்பதால், அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொல் பிழையாகிப் போனது.

'அப்ப நாங்கள் சொல்லுற மா பிழையோ, ரீச்சர்?' என்று அவள் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துத் தரம் 3இலேயே பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்பத் தொடங்கிவிடுகிறோம். அங்கே 'ஒரு சொல் பல பொருள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு பட்டியல் கொப்பியில் ஏறுகிறது. ஆறு என்றால் நதி, எண். திங்கள் என்றால் மாதம், சந்திரன், கிழமை. பிள்ளை அதைப் பாடமாக்கி ஒப்புவிக்கிறது. மனனம் செய்வதை நான் ஒருபோதும் இழிவாகச் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளில், சொற்களின் பொருளைச் செய்யுளில் சொல்லும் பழைய நூலான சூடாமணி நிகண்டை மனனம் செய்தே பிள்ளைகள் மேலே போனார்கள். அதன் 12 தொகுதிகளில் 11ஆவது, ஒரு சொல் பல பொருள் தருவதற்கென்றே அமைந்தது. ஆறுமுக நாவலர் முதன்முதலில் அச்சேற்றிய நூல்களுள் அந்த நிகண்டின் உரையும் ஒன்று, ஆண்டு 1849. ஆனால் அந்தப் பிள்ளைகள் மனனம் செய்தது எதுகையும் ஓசையும் உள்ள செய்யுளை. மனனத்தோடு நின்றுவிடாமல் இலக்கியங்களைப் பாடங்கேட்டு, தாங்களும் செய்யுள் இயற்றிப் பழகினார்கள். இன்றைய பட்டியலில் ஓசையும் இல்லை, அதற்கு அடுத்த படியும் இல்லை.

அந்த அடுத்த படி எது என்பதைத் தொல்காப்பியமே காட்டுகிறது என்று நான் நம்புகிறேன். உரிச்சொற்களின் பொருளைச் சொல்லும் உரியியல் என்ற பகுதியில், 'கடி' என்ற ஒரே சொல்லுக்குக் காப்பு, கூர்மை, விரைவு, புதுமை, அச்சம் என்று 10 பொருளை ஒரே நூற்பாவில் தொல்காப்பியர் அடுக்குகிறார். பிற்கால இலக்கண நூலான நன்னூலில் அது 13 ஆகிறது. அவ்வளவையும் அடுக்கியவர் அதே இயலின் முடிவுக்கு வரும்போது, உரிச்சொல்லின் பொருளை முன்னும் பின்னும் வரும் சொற்களை நாடி உணர வேண்டும் என்கிறார். பட்டியலில் இருக்கும் சொல்லுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிள்ளையே ஒரு கதையை எழுதும்போதுதான் அவை இரண்டும் உண்டாகின்றன.

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு இதைச் செய்து வருகிறோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல். முதலில், அந்தச் சொல் தங்கள் வீட்டில் எப்போது காதில் விழுகிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதுவரை நான் ஒரு பொருளும் சொல்வதில்லை. பிறகு, அந்தச் சொல்லை இரண்டு பொருளிலாவது வைத்து ஒரு சிறு கதை எழுத வேண்டும். 'இங்கே இதன் பொருள் இது' என்று விளக்கம் எழுதக் கூடாது. கதையை எழுதியவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பொருளைப் பிரித்துச் சொல்வார்கள். கேட்பவர்கள் தடுமாறினால் எழுதியவர் பக்கத்தில் இன்னொரு சொல்லைச் சேர்த்துத் திரும்ப வாசிக்க வேண்டும். பிள்ளைகள் மொழியைக் கற்பது பெரும்பாலும் அந்தத் திருத்தத்தில்தான் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

'ஆறு' என்ற சொல்லை எடுத்த நாளில் ஒருவருக்கும் நதி நினைவுக்கு வரவில்லை. அதில் வியப்பதற்கும் எதுவுமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் போய்ச் சேரும் வழுக்கையாற்றைத்தான் எங்கள் பிள்ளைகள் காணலாம். அவர்கள் சொன்ன முதற் பொருள் 'தேத்தண்ணி ஆறட்டும்' என்பது. பட்டியலில் இல்லாத அந்தப் பொருள்தான் அவர்கள் நாவில் ஏற்கெனவே இருந்தது. அன்று ஒரு சிறுமி எழுதியதை அப்படியே தருகிறேன்: 'வழுக்கையாற்றில் வெள்ளம் வந்ததைப் பார்க்க நாங்கள் ஆறு பேர் போனோம். திரும்பி வர, அம்மம்மா ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.' இரண்டே வாக்கியங்களில் மூன்று பொருள். அவள் வாசித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்து, 'என்ரை கால் காயம் ஆற ஆறு நாள் சென்றது' என்றான். அவன் சொன்னது நான்காவது பொருளா, தேத்தண்ணி ஆறுவதும் காயம் ஆறுவதும் ஒன்றுதானா என்று கால் மணி நேரம் விவாதித்தார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

அந்த விவாதத்துக்கு இடையில் இன்னொன்றும் நடந்தது. நதியைச் சொல்லும்போது 'ஆற்றில்' என்று எழுதிய அதே சிறுமி, அடுத்த கதையில் 'ஆறில் ஒருவர் வரவில்லை' என்று எழுதியிருந்தாள். ஏன் ஓரிடத்தில் றகரம் இரட்டிக்கிறது, மற்றதில் இல்லை என்று கேட்டேன். அவளால் காரணம் சொல்ல முடியவில்லை, ஆனால் 'ஆற்றில் ஒருவர் வரவில்லை' என்று வாசித்துப் பார்த்து, 'அப்படியெண்டா கங்கைக்குள்ளை எல்லோ நிக்கினம்' என்றாள். எழுத்தில் ஒன்றாக நிற்கும் இரண்டு சொற்கள் வேற்றுமை உருபு சேர்ந்ததும் பிரிந்துவிடுகின்றன என்ற இலக்கணத்தை அவள் இலக்கணப் பெயர் ஒன்றும் தெரியாமலே பிடித்துக்கொண்டாள். 'ஆறு: நதி, எண்' என்ற வரியை நூறு முறை ஒப்புவித்தாலும் இந்த வேறுபாடு வெளியே வராது, ஏனென்றால் பட்டியலில் சொல்லுக்கு உருபு சேர்வதேயில்லை.

கரையோரத்திலிருந்து வரும் ஒரு பையன் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அதிகம் பேசமாட்டான். 'கண்' என்ற சொல்லை எடுத்த நாளில் அவன் எழுதியது இது: 'அப்பாவின் வலையில் நாலு கண் அறுந்துபோனது. பொத்திக் கொடுக்க அம்மப்பாவுக்கு ஒரு கண் தெரியாது.' வலைக்கும் கண் உண்டு என்பது அங்கிருந்த பலருக்குப் புதிது. அதன் பிறகு நுங்கின் கண், தேங்காய்க் கண், கிணற்றின் ஊற்றுக்கண் என்று ஒவ்வொன்றாக வந்தன. நதியும் எண்ணும் தற்செயலாக ஒரே ஒலியில் நிற்கின்றன. கண்ணும் வலைக்கண்ணும் உருவ ஒப்புமையால் உறவானவை. இந்த வேறுபாட்டை நான் கரும்பலகையில் எழுதி விளக்கியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அந்தப் பையனிடம் மற்றவர்கள், 'கண் சின்னனாயிருந்தா என்ன மீன் படும், பெரிசாயிருந்தா என்ன படும்?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் பல வாய்களில் ஒன்றாகிவிட்டன. ஒரு பிள்ளை தோட்டத்திலும் 'வாளை', கடலிலும் 'வாளை' என்று எழுதி, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் கண்டுவிட்டதாக மகிழ்ந்தது. வாழையும் வாளை மீனும் வெவ்வேறு சொற்கள் என்று அங்கேயே சொல்லி, இரண்டையும் உச்சரித்துக் காட்ட வேண்டியிருந்தது. சிலேடையையும் இந்த வயதில் திணிக்க வேண்டாம். காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடி, 'நஞ்சு' என்பதை விடமாகவும் நைந்ததாகவும் நிறுத்திய அழகைத் தரம் 8 அளவில் சொன்னால் போதும்.

'இது சோதினைக்கு வருமோ?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். ஒரு மகனைச் சோதனைக்கு அனுப்பிய தாய் நான். வாரத்தில் ஒரு மணி நேரத்தால் எந்தப் பிள்ளையின் புள்ளியும் குறைந்துவிடாது. சொல்லைத் தன் வாக்கியத்தில் இருத்தித் திருத்திப் பழகிய பிள்ளை, வினாத்தாளில் முன்பின் காணாத ஒரு வாக்கியம் வந்தாலும் அயற்சொற்களைப் பார்த்துப் பொருளைத் தேடும். பட்டியலை மட்டும் நம்பிய பிள்ளை பட்டியலில் இல்லாததைக் கண்டதும் பேனையை வைத்துவிடுகிறது.

விடை திருத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். விடைத்தாளில் இல்லாத பொருளைப் பிள்ளை எழுதினால், வெட்டுவதற்கு முன் அகராதியைத் திறந்து பாருங்கள். 58,500 அளவிலான சொற்களோடு யாழ்ப்பாண அகராதி 1842இல் மானிப்பாயில் அச்சான மண் இது. 'வெளிக்கிடு' என்ற சொல் உடுத்து ஆயத்தமாவதையும் புறப்படுவதையும் குறிப்பது எங்கள் பிள்ளைக்குத் தெரியும்; வேறிடத்தில் எழுதிய வழிகாட்டி நூலில் அது இல்லாமல் இருக்கலாம். 'கதை' எங்களுக்குப் பெயராகவும் இருக்கிறது, 'கதைக்காதை' என்று அதட்டும்போது வினையாகவும் இருக்கிறது.

வரும் சனிக்கிழமைக்கு 'இறை' என்ற சொல்லை எடுத்து வைத்திருக்கிறேன். தோட்டத்துக்கு இறைப்பது, கடவுள், அரசனுக்குக் கட்டும் வரி என்ற மூன்றும் எனக்குத் தெரியும். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தவர்கள், இந்தச் சொல்லை உங்கள் வீட்டில் வேறு எந்தப் பொருளிலாவது கேட்டிருந்தால், யார் எப்போது சொல்லக் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் தங்கள் கதைகளை வாசித்து முடித்த பிறகு அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.