அங்கவடி அறுந்து விழும் அந்தக் காட்சி

அமெரிக்க இயக்குநர் சாம் பெக்கின்பாவின் 'தி வைல்ட் பன்ச்' (1969) படம் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் கடைசித் துப்பாக்கிச் சண்டையைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் அந்தச் சண்டை நம் நெஞ்சைப் பிசைகிறதென்றால், அதற்கு வெகுமுன்பே ஒரு மணல்மேட்டில் நடந்துவிட்ட சின்ன விஷயம்தான் காரணம்.

1913. மெக்சிகோ புரட்சி நடக்கிற காலம். ரயில்வே அலுவலகக் கொள்ளையில் அள்ளிய மூட்டைகளில் காசுக்குப் பதில் இரும்பு வாஷர்கள் இருக்கக் கண்டு நொந்துபோன கூட்டம், மணல்மேட்டில் குதிரைகளோடு உருண்டு விழுகிறது. கிழவர் சைக்ஸால்தான் வந்தது என்று டெக்டர் கோர்ச் அவரைக் கொல்லத் துணிகிறான். தலைவன் பைக் பிஷப் தடுக்கிறான். கூட இருப்பவனை விட்டுக்கொடுப்பவன் மிருகத்துக்குச் சமம் என்று அதட்டுகிறான். அதே வேகத்தில் குதிரை ஏறக் காலை வைத்தால், கால் வைக்கும் வளையமான அங்கவடியின் வார் அறுகிறது. பழைய காயம் பட்ட காலோடு பொத்தென்று விழுகிறான். கோர்ச் சகோதரர்கள் ஏளனம் செய்கிறார்கள். பிஷப் ஒரு வார்த்தை பேசவில்லை. வலியை விழுங்கிக்கொண்டு சேணத்தைப் பிடித்து ஏறித் தனியாகப் போகிறான். கேமரா அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐம்பதைத் தொட்டிருந்த வில்லியம் ஹோல்டன் அந்த முதுகை வைத்தே நடித்திருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் சைக்ஸ் பிஷப்பிடம் தன் பேரனைப் பற்றி விசாரிக்கிறார். அந்தப் பையனைத்தான் கொள்ளையடித்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். விசுவாசம் பேசிய வாய் அடைத்துப்போகிறது.

படம் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஓடும் நேரத்தைப் பாருங்கள். 145 நிமிடம் இருக்க வேண்டும். வெளியான சில வாரங்களிலேயே அமெரிக்காவில் சுமார் 10 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்டது கடைசிச் சண்டை அல்ல, உயிர்நாடி. பிஷப் தப்பி ஓடி, நண்பன் தோர்ன்டன் பிடிபட்ட கதை போனது. காலில் அந்தக் காயம் எப்படி வந்தது என்பதும் போனது. பேரன் பேச்சும் போனது. அவை இல்லாமல் பார்த்தால் பிஷப் வெறுமனே நொண்டுகிற கொள்ளைக்காரன். முழுப் படம் 1995இல்தான் மறுபடி திரைக்கு வந்தது.

சண்டைக்கு வருவோம். வினாடிக்கு 120 பிரேமில் (படச்சட்டத்தில்) எடுத்ததை 24 பிரேமில் ஓட்டினால் ஒரு வினாடி ஐந்து வினாடியாக நீளும். இது யாருக்கும் தெரிந்த கணக்கு. பெக்கின்பாவைப் பார்த்து எடுத்த பலரும் சறுக்கியது வேறு இடத்தில்: ஒருவன் விழுவதை முழுக்க ஸ்லோமோஷனில் காட்டிவிடுவார்கள். அப்போது சாவு நடனம் மாதிரி அழகாகிவிடும், பயம் வராது. பெக்கின்பாவும் எடிட்டர் லூ லொம்பார்டோவும் அப்படி விடவில்லை. தொடக்கச் சண்டையைப் பாருங்கள். கூரையிலிருந்து ஒருவன் மெதுவாகச் சரிகிறான். அவன் தரையைத் தொடுமுன் வெட்டி, சாதாரண வேகத்தில் வேறொருவன் சுடுவதைக் காட்டுகிறார்கள். மறுபடி அவனிடம் வருகிறார்கள், இன்னும் அந்தரத்தில்தான் இருக்கிறான். இழுத்தும் பறித்தும் மாறுகிற அந்த வேகம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

எல்லாம் முடிந்து, கோட்டை வாசலில், இந்தக் கூட்டத்தைத் துரத்தி வந்த தோர்ன்டன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். துரத்த ஆளில்லை, திரும்பிப் போக இடமில்லை. அங்கே கிராமத்து ஆட்களோடு குதிரையில் வந்து அவனையும் கூப்பிடுவது யார் தெரியுமா? மணல்மேட்டில் பிஷப் காப்பாற்றிய அதே கிழவர் சைக்ஸ்.